லேசர் போட்டால் முடி ஆயுசுக்கும் வராதா?

மாந்தோப்பு
வயது 27, காவேரிப்பட்டணம் பக்கம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு) இருக்கிறது. தாடையிலும் கழுத்திலும் முடி; ஐந்து வருடமாகப் பத்து நாளுக்கொரு தடவை த்ரெட்டிங். கிருஷ்ணகிரியில் ஒரு பார்லரில் லேசர் பற்றி விசாரித்தேன். ஆறு சிட்டிங் போதும், அப்புறம் ஆயுசுக்கும் வராது, பணத்தை மொத்தமாகக் கட்டிவிடுங்கள் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். போடலாமா?

நாலுரோடு அக்கா
வேண்டாம்மா. தர்மபுரியில் ஒரு பார்லரில் நான் காலுக்குப் போட்டுக்கொண்டேன். லேசர் என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது சிட்டிங்கில் சுரீரென்று எரிந்தது. "அப்படித்தான் இருக்கும்" என்று மேலே மேலே அடித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கெண்டைக்காலில் தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் கட்டமாகக் கொப்புளம். ஆறிய இடமெல்லாம் கறுத்துப்போய், ஒரு வருடம் கழித்தும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. காலைப் புடவை மறைத்துவிடும். முகத்தை எதை வைத்து மறைப்பாய்?

ரோஜா ஓசூர்
அக்கா, உங்களுக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது லேசராகவே இருந்திருக்காது, ஐபிஎல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது பளிச்சென்று வெட்டும் ஒரு விளக்கு, பல அலைநீளம் கலந்த ஒளி. லேசரில் ஒரே அலைநீளம். இரண்டுமே முடியில் இருக்கும் கறுப்பு நிறமியைச் சூடேற்றித்தான் வேரைச் சுடுகின்றன. அதே நிறமி நம் தோலிலும் நிறைய இருப்பதால், தோல் நிறம் பார்க்காமல் அடித்தால் தோல்தான் முதலில் வேகும். நம்மைப் போன்ற நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு அதிகம். அது மேல்தோலில் அவ்வளவாகச் சிக்காமல் உள்ளே இறங்கும். தெரிந்த கையாக இருந்தால் டயோடு என்ற இன்னொரு வகை லேசரும் சரி.

நான் ஒரு ஸ்கின் கிளினிக்கில் நர்ஸ், மறைக்கவில்லை. எனக்கே அக்குளில் டயோடு ஏழு சிட்டிங் போட்டேன். முதல் சிட்டிங் முடிந்து பத்தாம் நாள் குளித்துத் துவட்டினால் மிளகுத்தூள் மாதிரி துண்டில் உதிர்ந்து கிடந்தது. மூன்று வருடம் ஆகிறது, இப்போது ஒன்றிரண்டு மெல்லிய முடிதான்.

நாலுரோடு அக்கா
அக்குள் வேறு, தாடை வேறு. என் தங்கச்சி மகளுக்கும் பிசிஓடிதான். பெங்களூரில் டாக்டரிடமே போட்டாள். நாலு சிட்டிங்குக்கு அப்புறம், கன்னத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்த பூனைமுடி தடித்துக் கறுத்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ரோஜா ஓசூர்
மறுக்க மாட்டேன். எல்லோருக்கும் வராது, ஆனால் வரும். ஹார்மோன் கோளாறு உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு, அதுவும் தாடை கழுத்தில், அந்த ஆபத்து கூடுதல். பூனைமுடியில் அடிக்கவே கூடாது, தடித்த கறுப்பு முடியில் மட்டும்தான். பணம் வாங்கும் முன் அதைச் சொல்லாதவர் யாராக இருந்தாலும் தப்புதான்.

பென்னாகரம் மருந்துக்கடை
"ஆயுசுக்கும்" என்ற வார்த்தையை யாரும் பிடிக்கவில்லையே. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏகூட நிரந்தரமாகக் குறைக்கும் என்றுதான் சொல்ல விடுகிறது, நிரந்தரமாக நீக்கும் என்று அல்ல. வளரும் நிலையில் இருக்கும் முடிதான் சாகும், தூங்கும் வேர் தப்பித்துவிடும். அதனால்தான் முகத்துக்கு நாலிலிருந்து ஆறு வாரத்துக்கொரு தடவை போகச் சொல்கிறார்கள். பிசிஓடி என்றால் ஹார்மோன் புது முடியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மாத்திரை, அதன்மேல்தான் லேசர். நரைத்த முடிக்கு லேசர் வேலையே செய்யாது, அதற்கு எலக்ட்ராலிசிஸ், அதாவது ஒவ்வொரு வேரிலும் ஊசி விட்டு மின்சாரத்தால் அழிப்பது.

மாந்தோப்பு
இன்னொரு சந்தேகம். த்ரெட்டிங்கை நிறுத்தச் சொல்வார்களாமே?

ரோஜா ஓசூர்
ஆமாம் தங்கச்சி, நாலு வாரத்துக்கு முன்பே. த்ரெட்டிங், வேக்ஸிங் எல்லாம் முடியை வேரோடு பிடுங்கிவிடும். வேரில் முடி இல்லாவிட்டால் லேசருக்குப் பிடிமானம் இல்லை. ஷேவ் பண்ணலாம். ஷேவ் பண்ணினால் தடித்து வளரும் என்பது பொய், நுனி மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரிகிறது.

நாலுரோடு அக்கா
அந்த நாலு வாரத்தில் பெண் பார்க்க வந்தால்? காலையில் ஷேவ் பண்ணினால் சாயங்காலம் கையில் நறநறக்கும். அதை நினைத்து அந்தப் பிள்ளை தலை குனிந்து உட்கார வேண்டுமா? கஷ்டம் தோலில் மட்டும் இல்லை அம்மா. ஒரு வருடம் இதையே நினைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

மாந்தோப்பு
அக்கா, ஐந்து வருடமாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் துப்பட்டாவைத் தாடைக்கு இழுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் குறைந்தாலே எனக்குப் போதும். வெயில்தான் பயம். எங்களுக்குத் தோப்பு இருக்கிறது, சித்திரையிலிருந்து ஆனி வரை மாங்காய் பறிப்பில் நிற்பேன்.

ரோஜா ஓசூர்
அப்படியென்றால் சீசன் முடியட்டும். வெயிலில் கறுத்த தோலில் அடித்தாலும் அக்காவுக்கு ஆனது மாதிரி ஆகும். நிறம் இறங்கியதும் ஆரம்பித்து, அடுத்த சீசனில் நிறுத்திவை. நடுவில் இடைவெளி விழுந்தால் சிட்டிங் ஒன்றிரண்டு கூடலாம், அவ்வளவுதான். சன்ஸ்கிரீன் தினமும்.

பென்னாகரம் மருந்துக்கடை
மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். மெஷின் பெயர் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாந்தோப்பு
பார்லர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை தர்மபுரி அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனைக்குக் கேட்கப் போகிறேன். லேசர் அதற்கப்புறம்தான்.

நாலுரோடு அக்கா
நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போடுவதென்றே ஆனால், முதலில் காதுக்குக் கீழே ஓரமாக ஒரே ஒரு இடத்தில் அடித்துக் காட்டச் சொல். ஒரு வாரம் தினமும் கண்ணாடியில் பார். கறுக்கவில்லை என்றால் மட்டும் தாடைக்குப் போ. திங்கட்கிழமை துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல், நான் நாலு ரோட்டில்தான் இருக்கிறேன்.