கார்பன் கிளீன் பண்ண பெட்ரோல் டாங்க்ல ஊத்துற பாட்டில் உண்மையிலேயே வேலை செய்யுமா?

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க வண்டி 2014 வேகன் ஆர் பெட்ரோல், 80 ஆயிரம் தாண்டிடுச்சு. பெரும்பாலும் ஊருக்குள்ள ஓட்டம்தான், ஸ்கூல்ல பிள்ளைய விட, சந்தைக்குப் போக, பஸ் ஸ்டாண்டுல ஆள கூப்பிட, இஞ்சின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துரும். இப்போ கொஞ்ச நாளா காலைல ஸ்டார்ட் பண்ணினா ஒரு குலுக்கு குலுக்குது, ஏசி போட்டு நின்னா ஸ்டியரிங்கே ஆடுது, குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல மூணாம் கியர்ல மிதிச்சா டிக் டிக்னு உள்ள ஒரு சத்தம். மைலேஜும் 18ல இருந்து 15க்கு வந்தாச்சு.

சர்வீஸுக்கு விட்ட எடத்துல பானட்ட தொறந்துகூடப் பாக்காம "உள்ள ஃபுல்லா கார்பன் சார், மெஷின் வச்சு டிகார்பனைசிங் பண்ணணும்"னு 3 ஆயிரத்துச் சில்லறைக்கு எஸ்டிமேட் போட்டு நீட்டுகாவ. ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கேட்டா அதெல்லாம் வேண்டாம், 600 ரூவா பாட்டில் ஒண்ணு டாங்க்ல ஊத்துங்க, எல்லாம் அலசிட்டுப் போயிரும்னு சொல்லுகாரு. எனக்க அப்பா என்னன்னா அந்தக் காலத்துல பெட்ரோல்ல பாச்சா உருண்ட போடுவோம்லேங்காரு 😄 யாரு சொல்லுகத கேக்க?

மார்த்தாண்டம் வர்க்‌ஷாப்:
மொதல்ல பாச்சா உருண்ட கதைய விடுங்க, அந்தக் காலத்து பெட்ரோலுக்கும் கார்புரேட்டருக்கும் ஏதோ போட்டாங்க, இப்போ இன்ஜெக்டர் (பெட்ரோல தூவி அடிக்குற குழல்) உள்ள வண்டில அத போட்டு ஃபில்டர அடைச்சு வைக்காதீங்க. மண்ணெண்ண, அசிட்டோன் கதையும் அப்படித்தான். மண்ணெண்ணைக்கு ஆக்டேன், அதாவது தட்டாம எரியுற தன்மை, கம்மி, டிக் டிக் கூடத்தான் செய்யும்.

பாட்டில் விஷயத்துக்கு வாறேன். வேலை செய்யும், ஆனா பெட்ரோல் தொடுற எடத்துல மட்டும்தான் செய்யும், இத புரிஞ்சிக்கிட்டா போதும். ஒங்களுக்க வண்டில இன்ஜெக்டர் இன்டேக் வால்வுக்கு வெளிய, போர்ட்லதான், அதாவது சிலிண்டருக்கு காத்து போற வழிலதான் அடிக்குது. அப்போ மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜெக்டர் மூக்க கழுவும், வால்வுக்க முதுக நனைக்கும், பொறவு உள்ள போய் பிஸ்டன் தலைல பிடிச்சிருக்க கரியவும் கொஞ்சங் கொஞ்சமா இளக்கும். ஆனா டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி, ஹூண்டாய் வென்யூ 1.0 டர்போ, ஃபோக்ஸ்வாகன் ஸ்கோடா டிஎஸ்ஐ மாதிரி, அதுல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிரும், இன்டேக் வால்வு பக்கமே வராது. அதுல வால்வு கரிக்கு டாங்க்ல எத்தன பாட்டில் ஊத்தினாலும் அடிப்பிடிச்ச கஞ்சிப் பானைய வெளிய கழுவுன கணக்குதான், மேனிஃபோல்ட (காத்து போற குழாய) கழத்தி கையால எடுக்கணும், இல்லன்னா வால்நட் தோட்டுப் பொடி வச்சு அடிச்சு எடுப்பாங்க. மாருதி டூயல்ஜெட்னு பேர பாத்து அதும் டைரக்ட்னு சில பேரு நினைக்காங்க, அது இல்ல, ஒரு சிலிண்டருக்கு ரெண்டு இன்ஜெக்டர், அவ்வளவுதான், அடிக்கது போர்ட்லயேதான்.

பாட்டில் வாங்கும்போ பின்னாடி பி.இ.ஏ, அதாவது பாலிஈதர்அமீன் இருக்கான்னு பாருங்க. சாதாரண கிளீனர் இன்ஜெக்டர் வரைக்கும்தான், சிலிண்டருக்குள்ள வெந்து கெட்டியான கரிய இளக்குறதுக்கு பி.இ.ஏ.தான் நல்லது.

ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பிளக்க கழத்திப் பாருங்க. ஒங்க வண்டில மூணே பிளக்கு, அர மணிக்கூர் வேல. நுனி இளம் தவிட்டு நிறமா இருந்தா இஞ்சின் நல்லா எரியுது. காஞ்ச கறுப்பு, விரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டுச்சுன்னா பெட்ரோல் கூடுதலா போவுது, இல்ல குட்ட ஓட்டம், இல்ல ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமா, மினுக்கமா, எண்ணெ மாதிரி கறுத்திருந்தா ஆயில் மேல ஏறுது, வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேஞ்சிருக்கும். அப்படின்னா நீங்க கரிய எடுக்க எடுக்க அது திரும்ப வந்துட்டே இருக்கும், பாட்டில் காசு கடல்ல போட்டதுதான். காலைல ஸ்டார்ட் பண்ணும்போ சைலன்சர்ல நீலப் பொக வருதான்னும் பாருங்க.

குளச்சல் டீசல்:
இடையில கேக்கேன், கோவிச்சிக்காதிய அண்ணே. எனக்க கைல பழைய டிசையர் 1.3 டீசல், கறுப்புப் பொக, பிக்கப் இல்ல. டீசலுக்கும் பாட்டில் விக்காங்களே, அது கொள்ளாமா?

மார்த்தாண்டம் வர்க்‌ஷாப்:
தம்பி, டீசல்ல கத வேற. ஒங்களுக்கு கரி பிடிக்க முக்கியமான எடம் இ.ஜி.ஆர் வால்வும் இன்டேக் மேனிஃபோல்டும். சைலன்சர் பொகைல ஒரு பங்க திரும்ப உள்ள அனுப்புறதுதான் இ.ஜி.ஆர், கூடவே இஞ்சின் உள்ள இருந்து வர ஆயில் ஆவியும் அங்கதான் சேருது, ரெண்டும் சேந்து தாரு மாதிரி அப்பிரும். டாங்க்ல ஊத்துறது அங்க எட்டவே எட்டாது, இன்ஜெக்டருக்கு வேணா நல்லது. வால்வ கழத்தி கிளீனர் அடிச்சு தொடைங்க, ஏர் ஃபில்டரும் டர்போ ஹோஸ்ல லீக் இருக்கான்னும் பாருங்க. இ.ஜி.ஆர தகடு வச்சு அடைச்சுருவோம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, செய்யாதீங்க, காத்த கெடுக்க நைட்ரஜன் ஆக்சைடு கூடிரும். ரெண்டாம் கியர்லயே உருட்டாம எப்பவாது நாகர்கோவில் திருநெல்வேலி நாலு வழில ஒரு ஓட்டம் விடுங்க.

வடசேரி பழசு:
மெக்கானிக் சொன்னது சரிதான், ஆனா மைலேஜ் கொறஞ்சதுக்கு கார்பன் மேல பழி போடுறது இப்போ ஒரு ஃபேஷனாப் போச்சு. 2014 வண்டி, இப்போ பங்குல ஊத்துறது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஒரு லிட்டர்ல இருக்க சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி. இ10க்கு டியூன் பண்ணின பழைய காருக்கு 6-7 சதவீதம் வரைக்கும் கொறயலாம்னு 2021ல நிதி ஆயோக் ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. அப்போ 18ல ஒண்ணு அங்கயே போச்சுல்லா. ஆனா எத்தனால் சேந்தா ஆக்டேன் கூடத்தான் செய்யும், அதனால டிக் டிக்குக்கு இ20ய குத்தம் சொல்ல முடியாது, அது கரிதான், இல்ல இஞ்சின் சூடு.

பொறவு டயர் காத்து, பிரேக் உரசுதா, இதெல்லாம் பாருங்க. ஆனி ஆடில ஆரல்வாய்மொழி கணவாய்ல எதிர்காத்துல ஓட்டிப்போட்டு மைலேஜ் கணக்கு போட்டா எந்த வண்டியும் தோத்துரும், முப்பந்தல்ல காத்தாடி எதுக்கு நட்டு வச்சிருக்கான்னு யோசிங்க.

அந்த மெஷின் டிகார்பனைசிங், ஹைட்ரஜன் கேஸ் விடுறது, அதுல எனக்கு நம்பிக்க இல்ல. செய்யணும்னா பிளக்கு ஓட்டை வழியா கேமரா விட்டு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம் காட்டச் சொல்லுங்க. ஃபோன்ல மாட்டுற கேமரா வயர் இப்போ சல்லிசா கிடைக்கு. காட்ட மாட்டேன்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

இன்னொண்ணு, பெட்ரோல்ல ஊத்துறது வேற, இஞ்சின் ஆயில்ல ஊத்துற ஃபிளஷ் வேற. பாட்டில் ரெண்டும் பாக்க ஒண்ணு போலவே இருக்கும். ஆயில நேரத்துக்கு மாத்தாம ஓடின வண்டில ஃபிளஷ் ஊத்தினா உள்ள கெட்டியா கெடக்க சேறு கெளம்பி ஆயில் வலைய அடைச்சுரும், அப்பொறம் இஞ்சின் வேலதான்.

தக்கலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்துல உள்ள பையன வச்சு பிளக்கு கழத்திப் பாத்தாச்சு. மூணும் காஞ்ச கறுப்பு, ஈரம் இல்ல, நீலப் பொகையும் இல்ல. பிளக்கு நுனி இடைவெளி வேற நல்லா அகண்டு கெடந்து. ஏர் ஃபில்டர எடுத்து தட்டினா காஞ்ச எலையும் மண்ணும் கொட்டுது, த்ராட்டில் பாடி (இஞ்சினுக்கு காத்த அளந்து விடுற பாகம்) உள்ள சுத்தி ஒரே கறுப்பு வளையம். பாட்டில் இன்னும் வாங்கல.

மார்த்தாண்டம் வர்க்‌ஷாப்:
நல்ல சேதி, ஆயில் ஏறல. வரிச சொல்லுகேன், இத மாத்தாதீங்க. பிளக்கு, ஏர் ஃபில்டர் புதுசு. த்ராட்டில் பாடிய அதுக்குன்னே விக்குற ஸ்பிரே வச்சு துணில தொடைங்க, எலக்ட்ரானிக் த்ராட்டிலா இருந்தா தகட்ட கையால தள்ளாதீங்க, தொடைச்ச பொறவு ஐடில் (மிதிக்காம நிக்கும்போ உள்ள இஞ்சின் வேகம்) ஏறி நின்னா ஸ்கேனர் போட்டு செட் பண்ணிக்கலாம். ஒரு டாங்க் ஓட்டிப் பாருங்க. குலுக்கம் போயிரும்னு நினைக்கேன்.

டிக் டிக் அப்பவும் நின்னா அப்போ பாட்டில். ஆயில் மாத்துறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஊத்துங்க, ஏன்னா இளகின கரியும் எரியாத மருந்தும் கொஞ்சம் ஆயில்ல போய் சேரும், பொறவு அத வடிச்சு விட்டுரலாம். ஒங்க டாங்க் 35 லிட்டர்தான், பாட்டில்ல 70 லிட்டருக்குன்னு போட்டிருந்தா பாதி போதும், கூட ஊத்தினா கூட சுத்தம் ஆகும்னு இல்ல. ஊத்திட்டு தக்கலைக்குள்ளயே உருட்டாதீங்க, இஞ்சின் நல்லா சூடான பொறவு நாலு வழில மூணாம் கியர்ல 3500 ஆர்.பி.எம் கிட்ட கொஞ்ச தூரம் பிடிச்சு ஓட்டுங்க. கூலன்ட் அளவு பாத்துட்டு எறங்குங்க.

தக்கலைக்காரன்:
அப்டேட். பிளக்கு, ஃபில்டர், த்ராட்டில் வேலைலயே குலுக்கம் முழுசா நின்னுட்டு, ஏசி போட்டு நின்னாலும் ஆடல. ஏத்தத்துல சத்தம் அப்பவும் இருந்து, பி.இ.ஏ உள்ள பாட்டில் பாதி ஊத்தி காவல்கிணறு வர போய்ட்டு வந்தேன், டாங்க் காலியாகும்போ சத்தம் நல்லா கொறஞ்சிருக்கு, வெயில்ல ஆள் நெறஞ்சு ஏறினா மட்டும் லேசா கேக்கு. மைலேஜ் 16 கிட்ட, அதுக்கு மேல ஏறல, வடசேரி அண்ணன் சொன்ன கணக்குதான் போல. மீதி பாதி பாட்டில அடுத்த டாங்க்லயே ஊத்தட்டா, வைக்கட்டா?

மார்த்தாண்டம் வர்க்‌ஷாப்:
அடுத்ததுலயே ஊத்துங்க, ஆயில் அதுக்குப் பொறவு மாத்துங்க. எல்லா டாங்க்குக்கும் ஊத்தணும்னு இல்ல, குட்ட ஓட்டம் உள்ள வண்டிக்கு சர்வீஸுக்கு முன்னாடி ஒரு தடவ போதும். அந்த லேசான சத்தம் அதுலயும் போவலன்னா கேமரா விட்டுப் பாப்போம், வண்டிய கொண்டு வாருங்க.