கான்டெஸா 32: எதிர்க்காற்றில் எப்படி ஓடுகிறது?

சவுத்தாம்ப்டனிலிருந்து:

கான்டெஸா 32 என்ற பாய்மரப் படகை வாங்கலாமா என்று கேட்டிருந்த தம்பிக்கு இது. அதே யோசனையில் இருந்த நண்பர் ஒருவருக்குத் துணையாக, தென் இங்கிலாந்தின் லிமிங்டனிலிருந்து ஒரு பழைய கான்டெஸாவை அண்மையில் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஏட்டுக் கணக்கு. டேவிட் சாட்லர் வடிவமைத்து, ஜெரமி ராஜர்ஸ் அதே லிமிங்டனில் கட்டிய படகு இது. மொத்த நீளம் 32 அடி. ஆனால் தண்ணீரில் படியும் நீளம் 24 அடிதான். அகலம் ஒன்பதரை அடி. எடை 9,500 பவுண்டு. அதில் 4,500 பவுண்டு, அடியில் நீண்டிருக்கும் கீல் என்ற பகுதியில் இருக்கும் பளு. உச்ச வேகத்துக்கு ஒரு வழக்கமான கணக்கு உண்டு: நீர்க்கோட்டு நீளமான 24-இன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 6.6 நாட் (மணிக்கு 6.6 கடல் மைல்) வருகிறது. இவ்வளவு கனமான படகு பாய் விரித்து அதற்கு மேல் ஓடுவது அரிது. இன்று கட்டப்படும் 32 அடிப் படகுகளின் நீர்க்கோடு இதைவிட நன்றாகவே நீளம். அலையில்லாத நீரில் அவை இதை முந்திவிடும், சந்தேகம் வேண்டாம்.

பயணப் படகில் உச்ச வேகம் எனக்கு இரண்டாம்பட்சம். காற்று 20 நாட் வேகத்தைத் தாண்டி, அலையும் எதிரே வரும்போது, காற்று வரும் திசையை நோக்கிப் படகு உண்மையில் எவ்வளவு முன்னேறுகிறது என்பதைத்தான் பார்ப்பேன்.

அன்று அடித்தது தென்மேற்குக் காற்று; ஓதம் (கடல் ஏற்றவற்றம்) வற்றிக்கொண்டிருந்தது. ஹர்ஸ்ட் கோட்டை அருகிலுள்ள குறுகிய வாயிலில், பெரு ஓத நாட்களில் நீரோட்டம் 4 நாட்டுக்கும் மேல் போகும். அந்த நீர் எதிர்க்காற்றில் மோதி, நீடில்ஸ் பாறைகள் வரை குட்டையான, செங்குத்தான அலைகளைக் கிளப்பும். ஜிபிஎஸ் திரையில் 8 நாட் என்று தெரிந்ததும் நண்பருக்கு ஒரே குதூகலம். அதில் ஓதம் கொடுத்தது எவ்வளவு, படகு ஓடியது எவ்வளவு? நீரில் படகு ஓடும் வேகத்தை அளக்க அடித்தட்டில் பொருத்திய வேகமானி 5.5 காட்டியது. மதிப்பிட வேண்டிய எண் அதுதான்.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே ஓடாது; இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேறும். அப்படிப் பாயை மறுபக்கம் மாற்றும்போது, முன்னும் பின்னும் படகின் முகம் இருந்த திசைகளைக் குறித்துக்கொண்டேன். இடைவெளி 90 பாகை, அதாவது காற்றுக்கு இருபுறமும் 45 பாகை. அந்தக் கணக்கில் காற்றை நோக்கிய முன்னேற்றம் 3.9 நாட். இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவோம். திரும்பி நின்று, படகு விட்டுச் செல்லும் நுரைத்தடம் நடுக்கோட்டிலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்று கைத் திசைகாட்டியால் பார்க்க வேண்டும். காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும் இந்தப் பக்கச் சறுக்கல் 5 பாகை இருந்தாலே 3.9 என்பது 3.5 ஆகிவிடும். முகத்தைக் காற்றுக்கு நெருக்கமாக வைத்துப் பெருமைப்படும் படகுகளில் பல இந்தச் சோதனையில்தான் தோற்கின்றன. இந்தப் படகு 5 பாகையைத் தாண்டவில்லை. அந்த அலையில் அது நல்ல தேர்ச்சி.

எனக்கு மிகவும் பிடித்தது சுக்கான். கான்டெஸா சட்டென்று சாயும், புதியவர்கள் மிரண்டுபோவார்கள். கொஞ்சம் சாய்ந்தபின் கீலின் எடை பிடித்துக்கொள்ளும். 25 பாகைச் சாய்விலும் சுக்கான் பிடியை இரண்டு விரல்களால் வைத்திருக்க முடிந்தது. கையை விட்டுப் பார்த்தேன். மெதுவாகக் காற்றை நோக்கித் திரும்பியதே தவிரத் திமிறவில்லை. பின்புறம் ஒடுங்கிய வடிவத்தின் பலன் இது. பின்புறம் அகன்ற படகு சாய்ந்தால், அந்த அகலமே பின்பகுதியை மேலே தூக்கும். முகம் அமிழும், சுக்கான் நீரைவிட்டு வெளிவரப் பார்க்கும். இன்றைய படகுகள் பலவற்றில் இரண்டு சுக்கான்கள் இருப்பது அதனால்தான்.

பாய்தான் மோசம். ஜெனோவா என்ற பெரிய முன்பாயின் துணி தளர்ந்து, வளைவின் ஆழம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. பாதி சுருட்டியதும் உப்பிக்கொண்டது; படகைச் சாய்த்த அளவுக்கு இழுக்கவில்லை. பாய்மர உச்சிவரை எழும் முன்பாயை நம்பி வடிவமைத்த படகு இது. புதுப் பாயின் விலையைப் பேரத்தில் கழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கிளாஸ்கோவிலிருந்து:

எதிர்க்காற்று பற்றி அண்ணா சொன்னது அத்தனையும் சரி. பின்காற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு ஒரு கான்டெஸாவில் போனோம். காற்று நேர் பின்னாலிருந்து வந்த நாட்களில் படகு இடமும் வலமுமாக உருண்டுகொண்டே இருந்தது. அடுப்பில் வைத்த கெண்டியை ஒருவர் பிடித்தபடியே நிற்க வேண்டும். பக்கச்சுவர் நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் எழாததால் படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த காக்பிட்டில் இருப்பவருக்குக் குளியல் நிச்சயம். எஞ்சினில் பின்னோக்கி எடுத்தால் படகு தனக்குப் பிடித்த பக்கம் போகும், நமக்குப் பிடித்த பக்கம் அல்ல. உள்ளே நான்கு பேர் என்பது விளம்பரத்துக்கு. இரண்டு பேருக்குத்தான் நிம்மதி. என் மனைவி, “அடுத்த ஆண்டு நீங்களும் படகுமாகப் போய் வாருங்கள்” என்று சொல்லிவிட்டார்.

மெல்போர்னிலிருந்து:

நான் மறுக்கிறேன். போர்ட் பிலிப் விரிகுடாவில் நாங்கள் ஓட்டுவது பின்புறம் அகன்ற புதிய 38 அடிப் படகு. நேரத்தோடு பாயைச் சுருக்கி, அதிகம் சாயவிடாமல் ஓட்டினால் சுக்கான் கையைவிட்டுப் போவதில்லை. குழந்தைகள் நின்று நடக்கலாம். நங்கூரமிட்ட இடத்தில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடலாம். பயணப் படகின் வாழ்நாளில் பெரும்பகுதி நங்கூரத்தில்தானே கழிகிறது? பெருங்கடல் புயலுக்கென வரைந்த உடலைக் கரையோரப் பயணத்துக்கு எதற்குச் சுமக்க வேண்டும்?

சவுத்தாம்ப்டனிலிருந்து:

மெல்போர்ன் நண்பரே, கரையோரம் மட்டும் என்றால் உங்கள் படகையே நானும் தேர்ந்தெடுப்பேன். என் நண்பர் ஐஸ்லாந்து போக ஆசைப்படுகிறார். அங்கே கணக்கு மாறுகிறது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பாய்மரப் பந்தயத்தில், 1979-இல் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 பந்தய வீரர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ‘அசென்ட்’ என்ற கான்டெஸா 32 மட்டும். பின்னர் வில்லி கெர் அதே படகில் வடதுருவக் கடல்களுக்கும் அன்டார்க்டிகாவுக்கும் போய் வந்தார். அந்தப் பந்தயத்தைப் பற்றிய விசாரணையின்போது, சாய்ந்த படகு எந்தக் கோணம் வரை தானாக நிமிரும் என்று கணக்கிட்டார்கள். கான்டெஸாவுக்குச் சுமார் 155 பாகை; ஒப்பிட எடுத்துக்கொண்ட அக்காலப் பந்தயப் படகுக்குச் சுமார் 117. அகன்று தட்டையான உடல் தலைகீழானால், தாம்பாளம் போல அப்படியே மிதக்கச் சம்மதித்துவிடும். 5 டன் படகு பெருங்கடல் தரச்சான்று பெற இன்றும் 120 பாகை போதும் என்பதை, வாங்கலாமா என்று கேட்ட தம்பி கவனிக்கட்டும்.

கிளாஸ்கோ தம்பி சொன்ன உருளலை நாங்கள் சோதிக்கவில்லை. காற்று இடம் கொடுக்கவில்லை. அடுத்து படகைத் தண்ணீரிலிருந்து தூக்குகிறார்கள். சுக்கானைத் தாங்கும் ஸ்கெக், உடலோடு சேரும் இடத்தில் விரிசல் கண்டிருக்கிறதா, பாய்மரத்தின் அடியில் தளம் அமிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை நண்பர் முன்பணம் கொடுக்கப்போவதில்லை.