வலைப்பதிவுக்குக் காசு கொடுத்து விளம்பரம் போட்டேன், படிக்க ஆள் வரவில்லை

அல்சூர்வாசி:
வணக்கம் நண்பர்களே. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வருகிறவர்களுக்காக ஒரு வலைப்பதிவு எழுதுகிறேன். எந்த ஏரியாவில் வாடகை எப்படி, அட்வான்ஸ் எத்தனை மாதம் கேட்பார்கள், காலி செய்யும்போது பெயிண்டிங் என்று எவ்வளவு பிடிப்பார்கள், இதெல்லாம்தான். தானாக வருகிறவர்கள் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர். போன மாதம் ஒரு சமூக வலைத்தளத்தில் 3,000 ரூபாய் போட்டு ஒரு பதிவை விளம்பரப்படுத்தினேன். 700 கிளிக் என்று காட்டியது, வருகிறவர்களை எண்ணும் அனலிட்டிக்ஸில் பார்த்தால் 400 பேர்கூட இல்லை, வந்தவர்களும் நாலு விநாடியில் போய்விட்டார்கள். மூன்று வாரம் அலைந்து விசாரித்து எழுதிய பதிவு அது, மனசே விட்டுப்போச்சு. கூகுளில் போட்டால் மாறுமா?

ஆட்ஸ்காரன்_கோரமங்களா:
கிளிக் வேறு, பக்கம் திறப்பது வேறு சகோ. பக்கம் ஏறுவதற்குள் மூடிவிட்டால் அனலிட்டிக்ஸில் வராது. விளம்பரத்தின் குறிக்கோளை 'லிங்க் கிளிக்' என்று விட்டிருப்பீர்கள், அதனால் சும்மா கிளிக் பண்ணுகிற ஆட்களாகப் பிடித்துக் கொடுத்திருக்கும். 'லேண்டிங் பேஜ் வியூ', அதாவது பக்கம் திறந்து பார்ப்பது, என்று மாற்றுங்கள். கேம் ஆப்களுக்குள் காட்டுவதையும் நிறுத்துங்கள், அங்கே விரல் தவறிப் பட்டாலும் காசு போகும்.

ஆனால் உங்கள் விஷயத்துக்குக் கூகுள் சர்ச்தான் சரி, ஏனென்றால் வீடு தேடுகிறவர் தானே தட்டித் தேடுகிறார். மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் டிஸ்ப்ளே நெட்வொர்க் டிக்கை எடுத்துவிடுங்கள். முக்கியமானது, இடம் பெங்களூரு என்று மட்டும் வைக்காதீர்கள்! உங்கள் வாசகர் இன்னும் ரயிலே ஏறவில்லை, சேலத்திலோ கோவையிலோ உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கிறார். தமிழ்நாடு என்று வைத்து, அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஊரில் 'ஆர்வம் காட்டியவர்கள்' என்று வெளியூர்க்காரர்களுக்கும் போகும். தினசரி பட்ஜெட் 100 என்று வைத்தால் சில நாள் 200 வரை எடுக்கும், பயப்பட வேண்டாம், மாதக் கணக்கில் 3,040-ஐத் தாண்டாது. 18% ஜிஎஸ்டி தனி. முன்பணமாக 1,000 கட்டினால் விளம்பரத்துக்கு 847 ரூபாய்தான் மிஞ்சும்.

மல்லேஸ்வரம்_மீனா:
அண்ணா, உங்கள் பெயிண்டிங் பதிவைப் படித்துவிட்டுத்தான் எங்கள் ஓனரிடம் பேசினேன், பிடித்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். தானாக வருகிறவர்கள் எந்தப் பதிவில் நின்று படிக்கிறார்கள் என்று பாருங்கள், அதற்கு மட்டும் காசு போடுங்கள், முகப்புப் பக்கத்துக்குப் போடாதீர்கள். பதிவு முடிகிற இடத்தில் மின்னஞ்சல் கொடுக்க ஒரு பெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் காசு கொடுத்து வந்தவர் ஒரே தடவையோடு போய்விடுவார். அப்புறம் 'நூறு ரூபாய்க்கு ஆயிரம் விசிட்டர்' என்று யாராவது வந்தால் தொடவே தொடாதீர்கள், அது ஆள் கிடையாது, உங்கள் பதிவில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஆட்சென்ஸ் வருமானத்தில் விளம்பரச் செலவை எடுத்துவிடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள், எனக்குக் கால்வாசிகூட வரவில்லை.

அல்சூர்வாசி:
மீனா, ரொம்ப சந்தோஷம்மா. பெயிண்டிங் பதிவு ஒன்றுக்கு மட்டும், நாளைக்கு 100 வீதம் பத்து நாள் போட்டுப் பார்க்கிறேன். தேடும் சொல் பெங்களூர் என்று வைப்பதா, பெங்களூரு என்றா?

ஆட்ஸ்காரன்_கோரமங்களா:
இரண்டும் வையுங்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்காக அதையும் சேருங்கள். 'வீடு விற்பனை', 'லீஸ்' என்று தேடுகிறவர்களை விலக்கு பட்டியலில் போட்டுவிடுங்கள். பத்து நாள் கழித்து எந்தச் சொல்லுக்கு வந்தார்கள் என்ற ரிப்போர்ட்டை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.