புளிக்க வைக்கும் தீவனத்திலேயே முட்டை ஓட்டையும் போடலாமா?

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் பிவி 380 என்கிற முட்டைக்கோழி ரகமும் கூடவே சிறுவிடை நாட்டுக்கோழியும் வளர்க்கிறேன். மூட்டைத் தீவனம் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் பகலில் மேய விட்டுவிட்டு காலையில் கம்பு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு வைக்கிறேன். இதையே ஊறவைத்துப் புளிக்க விட்டுக் கொடுத்தால் நன்றாகச் செரிக்கும், தீவனமும் வீணாகாது என்கிறார்கள், தொடங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் வெயில் ஏறியதிலிருந்து பிவி கோழிகளின் முட்டை ஓடு மெலிந்துவிட்டது. கையில் எடுக்கும்போதே விரிசல் விடுகிறது, நடுநடுவே ஓடே இல்லாத தோல்முட்டையும் வருகிறது. வீட்டில் சேரும் முட்டை ஓட்டைப் பொடித்து அந்தப் புளிக்கும் வாளியிலேயே போட்டுவிட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே, செய்யலாமா? கேழ்வரகு சேர்த்தாலே சுண்ணாம்புச் சத்து போதும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார், அது சரிதானா?

மண்பானை:
வாளியில் போடாதீர்கள், தயவுசெய்து. தானியம் புளிப்பது அதில் லாக்டிக் அமிலம் ஊறுவதால்தான், அந்த அமிலம்தான் கெட்ட கிருமிகளை அடக்கி வைக்கிறது. முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கவே கால்சியம் கார்பனேட். அதைப் போட்டால் அமிலத்தோடு சேர்ந்து நுரைத்துப் புளிப்பை முறித்துவிடும், புளிப்பு ஏறாத ஈரத் தீவனம் நம்ம ஊர் வெயிலில் அழுகத்தான் செய்யும். லேயர் தீவனத்தை (முட்டைக்கோழிக்கான மூட்டைத் தீவனம்) ஊறவைத்தால் தனித் தானியம் அளவுக்குப் புளிப்பு ஏறாததும் இதனால்தான், அதில் ஏற்கெனவே சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது.

கேழ்வரகு விஷயத்துக்கு வருகிறேன். தானியங்களில் அதில்தான் கால்சியம் அதிகம், 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். கம்பிலும் மக்காச்சோளத்திலும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கடினம். ஆனால் ஒரு முட்டை ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் போகிறது, தின்றதில் பாதிதான் உடம்பில் சேரும் என்று வைத்தால் தினமும் இடுகிற கோழிக்கு நாளுக்கு 4 கிராம் வேண்டும். கோழி ஒரு நாளில் தின்பதே 100, 120 கிராம், அது முழுக்கக் கேழ்வரகாக இருந்தாலும் அரை கிராம் தேறாது. கேழ்வரகு கொடுங்கள், நல்லதுதான், ஓட்டுக்காக அதை நம்பாதீர்கள். புளிக்க வைத்தாலும் இல்லாத கால்சியம் வந்துவிடாது. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸைக் கோழி எடுத்துக்கொள்ள அது உதவும், அவ்வளவுதான்.

ஓட்டைத் தனிக் கிண்ணத்தில், சாயங்காலம் வையுங்கள். இந்த நேரம் முக்கியம், ஏனென்றால் கருப்பையில் ஓடு படிய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில் நடக்கிறது. அடைவதற்கு முன் தின்ற பெரிய துணுக்குகள் அரவைப்பையில் தங்கி ராத்திரி முழுக்க மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும், அது போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்துதான் எடுக்கும். அதனால் மாவாக அரைக்காதீர்கள், கொரகொரவென்று ரவையைவிடப் பெரிதாக இருக்கட்டும். அதற்காகப் பாதி ஓடாகவும் போடக்கூடாது, முட்டை என்று அடையாளம் தெரிந்தால் கொத்தித் தின்னப் பழகிவிடும். கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்து நொறுக்குங்கள். ஹோட்டலில் வாங்கி வருகிற ஓடு என்றால் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது.

சிப்பிக்காரர்:
மேலே சொன்ன கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஒரு ஓட்டில் 2 கிராம், தேவை 4 கிராம், அப்படியானால் வீட்டு ஓடு முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலும் பாதிக்குத்தான் வரும், விற்கிற முட்டையின் ஓடு வேறு வெளியே போய்விடுகிறது. தீவனக் கடையில் ஷெல் கிரிட் (நொறுக்கிய சிப்பி) கேட்டு வாங்கிக் கலந்து வையுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கிளிஞ்சலைக் கழுவி நொறுக்கினாலும் போதும். ஆனால் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தீவனத்தில் கலக்காதீர்கள், அது வாய், குடல் எல்லாவற்றையும் புண்ணாக்கிவிடும்.

வெயிலையும் கவனியுங்கள். கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, ஓடு கட்ட அதுவும் வேண்டும். தீனியும் குறைத்துத்தான் தின்னும். நிழல், குளிர்ந்த தண்ணீர் இரண்டும் இல்லாமல் சிப்பியை மட்டும் கொட்டிப் பயனில்லை.

சிறுவிடைப்பட்டி:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. சிறுவிடைக்கு இவ்வளவு தேவையில்லை. சில நாள் இட்டுவிட்டு அடைக்கு உட்காரும் கோழி அது, மேய்ச்சலில் நத்தை, பூச்சி, மண் எல்லாம் பொறுக்கித் தின்னும், ஓடு கல்லு மாதிரி இருக்கும். பிவியை நினைத்துக்கொண்டு எல்லாக் கோழிக்கும் ஒரே அளவு வைக்க வேண்டாம். கிண்ணத்தைத் தனியாக வைத்தால் வேண்டியது வேண்டிய அளவு தின்றுகொள்ளும். ஓடு சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடி, கோழி தும்மவும் செய்தால் அது சத்துக் குறைவு இல்லை, நோய். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொல்லைப்புறம்:
எல்லோருக்கும் நன்றி. தும்மல் எதுவும் இல்லை, வெள்ளைக்கரு கெட்டியாகத்தான் இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். புளிக்க வைக்க எத்தனை நாள்? தாய்க்கோழியோடு குஞ்சுகளும் அங்கேயே திரிகின்றன, அவை சிப்பியைத் தின்றால் பரவாயில்லையா?

மண்பானை:
இந்த வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ எடுத்து, தானியத்துக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நின்று மூடியிருக்க வேண்டும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் என்றால் ராத்திரி பிடித்து வைத்து ஊற்றுங்கள். இட்லி மாவு புளித்த வாசம் வந்தால் வடித்து, காய்ந்த தவிட்டில் பிசறி, ஒரு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் வையுங்கள், வடித்த தண்ணீரில் கொஞ்சம் அடுத்த வாளிக்கு உறையாகும். பூஞ்சை பிடித்தால் மேலாக அள்ளிப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்காதீர்கள், முழுசாகக் கொட்டிவிடுங்கள். குறிப்பாகக் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும் வாங்கும்போதே பாருங்கள், அவற்றில் அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சு இருந்தால் புளிக்க வைத்துப் போகும் என்று நம்ப முடியாது.

குஞ்சுக்குச் சிப்பி வேண்டாம். வளரும் பருவத்தில் கால்சியம் அதிகமானால் சிறுநீரகம் கெடும். முட்டையிடத் தொடங்கும்வரை காத்திருங்கள். கிண்ணத்தைப் பெரிய கோழியின் முதுகு உயரத்துக்குச் சுவரில் கட்டிவிட்டால் குஞ்சுக்கு எட்டாது.