டோனி குகோச்சின் ஆட்ட வாழ்க்கையை எந்த ஆண்டிலிருந்து கணக்கிடுவது?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் தொண்ணூறுகளின் ஆட்டங்களைச் சில மாதங்களாக வரிசையாகப் பார்த்து வருகிறேன். ஜோர்டனுக்காகவும் பிப்பனுக்காகவும் தொடங்கியவன், இப்போது ஏழாம் எண் சட்டை அணிந்த அந்த நெடிய இடதுகை ஆட்டக்காரரிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டேன். குரோவாஷியாவின் ஸ்பிளிட் நகரில் 1968ஆம் ஆண்டு பிறந்த டோனி குகோச்சைத்தான் சொல்கிறேன்.

அவரைப் பற்றித் தேடிப் படித்தபோது கிடைத்த விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 1990ஆம் ஆண்டின் டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாம் சுற்றில், 29ஆவது ஆளாகப் புல்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அவரோ 1993இல்தான் அமெரிக்காவுக்கு வந்திருக்கிறார். 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கோப்பை வென்ற அணியில் இருந்தார். ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் அவருடைய வாழ்க்கைச் சராசரி, ஆட்டத்துக்கு 11.6 புள்ளிகள் மட்டுமே. ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. அப்படியிருந்தும் 2021இல் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. உடன் ஆட்டம் பார்க்கும் நண்பர் ஒருவர், இது ஜோர்டனின் நிழலில் நின்றதற்குக் கிடைத்த மாலை என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை, எனினும் மறுத்துப் பேச என்னிடம் போதிய செய்தி இல்லை.

1993க்கு முன்பு அவர் என்ன செய்தார் என்பதையும், அமெரிக்காவுக்குப் போனதால் அவர் இழந்தது அதிகமா பெற்றது அதிகமா என்பதையும் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூடைக்காரன் எழுதியது:

வணக்கம் நெய்தல். உங்கள் நண்பர் 1993ஐத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறார். தவறு அங்கேதான் நேர்கிறது. அந்த ஆண்டு குகோச்சுக்கு 25 வயது நிறைந்தது. அதற்குள் அவர் ஐரோப்பாவில் வெல்வதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

1987இல் இத்தாலியின் போர்மியோ என்ற மலை ஊரில் நடந்த இளையோர் உலகப் போட்டியிலிருந்து தொடங்குவது நல்லது. குரோவாஷியா அப்போது யூகோஸ்லாவியாவின் பகுதி. அந்த யூகோஸ்லாவிய அணியில் திவாட்ஸ், ராஜா, ஜோர்ஜெவிச், குகோச் ஆகியோர் இருந்தனர். பயிற்சியாளர் ஸ்வெதிஸ்லாவ் பெஷிச். (டினோ ராஜா என்ற பெயரைக் கேட்டு நம் ஊர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், அவரும் ஸ்பிளிட் நகரத்தவர்தான்.) எதிரில் நின்ற அமெரிக்க அணிக்கு லாரி பிரவுன் பயிற்சியாளர், பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கேரி பேட்டனும் லாரி ஜான்சனும் அந்த அணியில் இருந்தார்கள். முதற்சுற்று ஆட்டத்தில் குகோச் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 12 முறை எறிந்து 11 முறை கூடையில் போட்டார். அந்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை 37 புள்ளிகள். இறுதி ஆட்டத்திலும் அமெரிக்காவை யூகோஸ்லாவியா வென்றது. அவர் எறியும் விதத்தைப் பதிவுகளில் கவனித்துப் பாருங்கள். உடலில் பதற்றமே இருக்காது. நெடிய இடது கை மேலே எழும்பி, மணிக்கட்டு மட்டும் மடங்கும். தடுக்க வந்தவர் குதித்து முடிப்பதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கும்.

அடுத்தது ஸ்பிளிட் நகரின் யூகோபிளாஸ்டிகா அணி. 1989, 1990, 1991 என்று தொடர்ந்து மூன்று முறை, கழக அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. 1989இல் மியூனிக்கில் அரையிறுதியில் பார்சலோனாவையும் இறுதியில் மக்காபி டெல் அவீவையும் வென்றபோது, குகோச்சும் ராஜாவும் இருபதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்த இளைஞர்கள். அடுத்த ஆண்டு சரகோசாவில் மீண்டும் பார்சலோனாவை வென்றார்கள். இறுதிக்கட்டப் போட்டிகளின் சிறந்த வீரர் விருது குகோச்சுக்குக் கிடைத்தது.

என்னை மிகவும் கவர்ந்தது மூன்றாவது கோப்பைதான். 1990 கோடையில் பயிற்சியாளர் மால்கோவிச் பார்சலோனாவுக்கே போய்விட்டார். ராஜா ரோம் நகர அணிக்குப் போனார். இரண்டு தூண்களை உருவிய பின்பும் அந்த வீடு நின்றது. 1991இல் பாரிஸில் நடந்த இறுதி ஆட்டத்தில், தங்கள் பழைய பயிற்சியாளர் எதிர்ப்பக்கத்தில் நிற்க, பார்சலோனாவை 70க்கு 65 என்று தோற்கடித்தார்கள். அன்று அதிகப் புள்ளி எடுத்தவர் ஸ்பிளிட் அணியின் சோரன் சாவிச். சிறந்த வீரர் விருதோ குகோச்சுக்குப் போனது. ஆட்டத்தை நடத்தியவர் யார் என்பதில் பார்த்தவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

ஐரோப்பாவில் அவருக்கு இருந்த பட்டப்பெயர்களில் ஒன்று ‘பரிமாறுபவர்’ என்பது. பந்தியில் இலை பார்த்துப் பரிமாறுகிறவர்போல், யாருக்கு எப்போது எது வேண்டும் என்று அறிந்து பந்தைக் கொடுப்பவர். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்கள் கூடைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று எழுதாத விதி இருந்த காலத்தில், அவர் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை வெளியிலிருந்து நடத்தினார். 1990இல் அர்ஜென்டினாவில் நடந்த உலகப் போட்டியிலும், 1991இல் ரோமில் நடந்த, நாடுகளுக்கான ஐரோப்பியப் போட்டியிலும் யூகோஸ்லாவியா தங்கம் வென்றது. இரண்டிலும் சிறந்த வீரர் அவரே. பிறகு இரண்டு ஆண்டுகள் இத்தாலியின் பெனெட்டன் திரெவீசோ அணியில் ஆடி, 1992இல் இத்தாலிய லீக் பட்டத்தை வென்றார். 1993இல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியில் அந்த அணி லிமோஜிடம் தோற்றது. லிமோஜின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே மால்கோவிச். தோற்ற பக்கத்தில் இருந்தும் அந்த முறையும் சிறந்த வீரர் விருது குகோச்சுக்குத்தான் வந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் சிகாகோவில் விமானம் இறங்கினார். புகழ் மன்றம் இவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

திண்ணை எழுதியது:

கூடைக்காரன் அண்ணா ஐரோப்பாவை நிறைவாகச் சொல்லிவிட்டார். சிகாகோவைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

ஜோர்டனோடு ஆடும் ஆசையில் வந்தவர் அவர். வந்த சில வாரங்களில், 1993 அக்டோபர் 6 அன்று ஜோர்டன் ஓய்வை அறிவித்துவிட்டார். எனவே முதல் ஆண்டு முழுவதும் அவர் நிழலில் நிற்கவில்லை, நிழல் தரும் மரமே அங்கு இல்லை. அந்த ஆண்டின் 1994 மே 13 ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பிப்பனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றிருந்த புல்ஸ், மூன்றாவது ஆட்டத்தில் 102க்கு 102 என்று சமநிலையில் நின்றது. மிச்சம் 1.8 வினாடி. பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் கடைசி எறிதலைக் குகோச்சுக்கு ஒதுக்கினார்; பந்தை உள்ளே கொடுக்கும் வேலை தனக்கு என்றதும் பிப்பன் களத்துக்குள் வர மறுத்துப் பெஞ்சிலேயே அமர்ந்துவிட்டார். பீட் மையர்ஸ் கோட்டுக்கு வெளியிலிருந்து கொடுத்த பந்தைக் குகோச் கூடைக்கு முதுகைக் காட்டியபடி வாங்கி, திரும்பி, ஆந்தனி மேசன் என்ற முரட்டுத் தடுப்பாளரின் கைக்கு மேலாக எறிந்தார். பந்து உள்ளே விழுந்தது.

அந்த வினாடியில் குகோச்சின் நிலையை எண்ணிப் பாருங்கள். புதிய நாடு, முதல் ஆண்டு, அணியின் தலைமை வீரர் தம்மை முன்னிட்டே வெளியில் அமர்ந்திருக்கிறார். அணி மேலாளர் ஜெர்ரி கிராஸ் ஐரோப்பாவிலிருந்து தம்மைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பாடுபட்டதும், அதனாலேயே பிப்பனுக்கும் ஜோர்டனுக்கும் தம்மேல் எரிச்சல் இருந்ததும் அவருக்குத் தெரியும். இவ்வளவு சுமையோடு எறிந்த பந்து அது. அந்தத் தொடரை இறுதியில் நிக்ஸே வென்றது என்பதால் இதன் மதிப்பு குறைந்துவிடாது.

தொடக்க ஐவருக்கு அடுத்துப் பெஞ்சிலிருந்து களமிறங்கும் ‘ஆறாவது ஆள்’ ஆக அவர் ஆடிய விஷயத்துக்கு வருகிறேன். 1994-95 பருவத்தில் பெரும்பாலும் தொடக்க ஐவரில் ஆடி, ஆட்டத்துக்கு 15.7 புள்ளிகள் எடுத்திருந்தார். 1995இல் முன்வரிசை வீரரான ரோட்மன் அணிக்கு வந்ததும் அவரைப் பெஞ்சிலிருந்து வருமாறு ஜாக்சன் கேட்டுக்கொண்டார். குகோச்சுக்கு அது பிடிக்கவில்லை, ஆயினும் ஏற்றுக்கொண்டார். 72 வெற்றி, 10 தோல்வி என்று அந்தப் பருவம் முடிந்தது. அவருக்குச் சிறந்த ஆறாவது வீரர் விருது கிடைத்தது. பெஞ்சிலிருந்து வருகிறவர் என்றால் குறைந்தவர் என்று பொருளாகாது. முதல் ஐவரில் இருவர் இளைப்பாறப் போகும்போது எதிரணி மூச்சுவிடலாம் என்று நினைக்கும் நேரத்தில், ஐரோப்பாவின் முதல் ஆட்டக்காரர் எழுந்து வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

1998 மே 31 ஆட்டத்தை அவசியம் பாருங்கள். இந்தியானா பேசர்ஸுக்கு எதிரான தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். தோற்றால் பருவமே முடிந்தது. ஜோர்டன் அன்று 25 எறிதல்களில் 9 மட்டுமே போட்டார். மூன்றாம் குவார்ட்டரில் குகோச் எடுத்த 14 புள்ளிகள்தான் அணியைத் தாங்கிப் பிடித்தன. புல்ஸ் 88க்கு 83 என்று வென்றது. அந்தக் குவார்ட்டர் இல்லாவிட்டால் ஜோர்டனின் ஆறாவது கோப்பையே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அடிக்கோடு எழுதியது:

மேலே உள்ள இரண்டு பதில்களையும் மதிக்கிறேன். ஆனாலும் நெய்தல் கேட்ட ‘இழந்தது என்ன’ என்ற கேள்வி விடையில்லாமல் நிற்கிறது.

இழப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்பிளிட்டில் பந்து எப்போதும் அவர் கையில் இருந்தது; சிகாகோவில் முக்கோண ஆட்டமுறையில், ஜோர்டனுக்கும் பிப்பனுக்கும் பிறகே அவர் கைக்கு வந்தது. அவர் ஒரு பருவம் முழுவதும் முதன்மை ஆளாக இருந்தது, அந்த அணி கலைந்த பிறகுதான். 1998-99இல் ஜோர்டன், பிப்பன், ரோட்மன், ஜாக்சன் எல்லாரும் போய்விட்ட நிலையில் அவர் ஆட்டத்துக்கு 18.8 புள்ளி, 7.0 ரீபவுண்ட் (தவறிய எறிதல்களின் பந்தைக் கைப்பற்றுவது), 5.3 அசிஸ்ட் (கூடையில் போட உதவும் பந்து வழங்கல்) எடுத்தார். சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் அணி வென்றதோ 50இல் 13 ஆட்டங்கள் மட்டுமே. அப்போது அவருக்கு வயது முப்பது. 2000இல் பிலடெல்பியாவுக்கும், 2001இல் அட்லாண்டாவுக்கும், 2002இல் மில்வாக்கிக்கும் மாற்றப்பட்டு, 2006இல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். அவர் 24 வயதிலேயே ஓர் என்.பி.ஏ. அணியின் தலைமையைப் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அந்த ஒரு பருவமே நமக்குக் கிடைக்கும் சான்று.

இன்னோர் இழப்பும் உண்டு. அதற்கு அவரும் பொறுப்பில்லை, சிகாகோவும் பொறுப்பில்லை. 1991 ஜூன் 25 அன்று குரோவாஷியா தன் விடுதலையை அறிவித்தபோது, யூகோஸ்லாவிய அணி ரோமில் ஐரோப்பியப் போட்டியை ஆடிக்கொண்டிருந்தது. சுலோவேனியரான யூரி ஸ்டோவ்ட்ஸ் தம் அரசு கேட்டுக்கொண்டதால் இடையிலேயே விலகினார். மற்றவர்கள் ஆடித் தங்கம் வென்றார்கள். அந்த அணி அதன்பின் அதே வடிவில் கூடவே இல்லை. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் குரோவாஷியாவாக வந்தபோது, முதற்சுற்றில் அமெரிக்க அணிக்காக ஆடிய ஜோர்டனும் பிப்பனும் மாறி மாறி குகோச்சைப் பிடித்து 4 புள்ளிகளோடு நிறுத்தினர். கிராஸ் மேலிருந்த கோபத்தை அவர் மேல் காட்டினர் என்பது எல்லாரும் அறிந்த கதை. இறுதி ஆட்டத்தில் மீண்டும் அவர்களையே சந்தித்து 16 புள்ளிகள் எடுத்தார். 117க்கு 85 என்று தோற்றாலும் ஒரு கட்டத்தில் குரோவாஷியா 25க்கு 23 என்று முன்னிலையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 7 அன்று குரோவாஷிய அணியின் நட்சத்திர வீரர் டிராசன் பெட்ரோவிச் ஜெர்மனியில் சாலை விபத்தில் இறந்தார். 1994 உலகப் போட்டியிலும் 1995 ஐரோப்பியப் போட்டியிலும் அவர் இல்லாமலே ஆடி, குகோச்சும் தோழர்களும் வெண்கலம் கொண்டுவந்தார்கள்.

நெய்தல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 4 புள்ளியோடு நிறுத்தப்பட்டவர் சில நாள்களுக்குள் அதே இருவருக்கு எதிரே 16 எடுத்தார் என்பதும், ஓராண்டு கழித்து அவர்களுடைய அணியிலேயே போய்ச் சேர்ந்தார் என்பதும் எனக்குத் தெரியாது. நண்பருக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். 1998 மே 31 ஆட்டத்தின் மூன்றாம் குவார்ட்டரைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். நான் அதற்கு முன் பாரிஸ் இறுதி ஆட்டத்தைப் பார்க்கப் போகிறேன். சாவிச்சுக்குப் போன பந்துகளில் எத்தனை குகோச்சின் கையிலிருந்து போயின என்று எண்ணிப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.