அஞ்சல் முத்திரை இல்லாத இரண்டு ஆண்டுகள்

அயர்லாந்தில் முதியோர் இல்லமொன்றில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், எண்பது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருந்தது. படுக்கை விரிப்பை நான் மடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொள்வார்; மூலைகளைச் சேர்த்து, மடிப்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி ஒரு கோடு இழுத்த பிறகே அடுத்த மடிப்புக்குப் போவார். எங்கே பழகியது என்று ஒருநாள் கேட்டேன். பதினாறு வயதில் மக்தலீன் சலவைக்கூடம் ஒன்றில் கொண்டுபோய் விடப்பட்டதாகவும், ஆறு ஆண்டுகள் கூலியின்றித் துவைத்ததாகவும், உள்ளே நுழைந்த அன்றே தம் பெயரை எடுத்துவிட்டுப் புனிதை ஒருவரின் பெயரைச் சூட்டியதாகவும் சொன்னார்.

பெண்களை அடைத்துவைத்து வேலை வாங்கிய, கன்னியாஸ்திரிகள் நடத்திய அந்தச் சலவைக்கூடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது. 1922 முதல் ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் அவற்றில் இருந்ததையும், வந்த வழி தெரிந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அங்கே வந்ததில் அரசுக்கு நேரடித் தொடர்பு இருந்ததையும் 2013 பிப்ரவரியில் வெளியான, அரசு அமைத்த விசாரணைக் குழுவின் மக்அலீஸ் அறிக்கை காட்டியது. அதே மாதம் பிரதமர் என்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நிதி உதவித் திட்டமும் வந்தது. உள்ளே இருந்த காலத்தைப் பொறுத்து 11,500 யூரோ முதல் 1,00,000 யூரோ வரை. கூடங்களை நடத்திய நான்கு துறவறச் சபைகளும் அதற்குப் பங்களிக்க மறுத்துவிட்டன.

விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவினேன். வந்த பதிலில் இரண்டு ஆண்டுகளே ஏற்கப்பட்டிருந்தன. மீதிக் காலம் முழுவதும் அவர் பக்கத்துக் கட்டடத்துப் பயிற்சி இல்லத்தில் இருந்ததாகச் சபையின் பதிவேடு கூறியதாம். படுத்தது அங்கே, பகலெல்லாம் துவைத்தது இங்கே என்பது எந்த ஏட்டிலும் இல்லை. "அந்தப் புத்தகத்தை எழுதியது யார் என்று கேட்டு எழுது" என்றார் அவர். அந்தக் கேள்வியை விடச் சரியான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

தவறு செய்த நிறுவனமே சான்றையும் தன் கையில் வைத்திருக்கிறது. அந்தச் சான்றைக் கொண்டுவா என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்கப்படுகிறது. ஆஷ்விட்ஸ் போன்ற நாஜி முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் வாரிசுகள், அவர்கள் பணம் போட்டிருந்த சுவிஸ் வங்கிகளிடம் கணக்கைக் கேட்டுச் சென்றபோது, இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்கப்பட்டார்கள். 1998இல் 125 கோடி டாலருக்கு உடன்பாடு காண அந்த வங்கிகளுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில்கூட, சூரிக்கில் ஒரு வங்கியின் இரவுக் காவலர், அழிப்பதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய பேரேடுகளைக் கண்டு வெளியே எடுத்துவர வேண்டியிருந்தது. கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைக்குள்ளானவர்கள் தொடுத்த வழக்கிலும், பிரிட்டிஷ் அரசு தன் நாட்டுக்குக் கொண்டுபோய் மறைத்திருந்த காலனிக் கோப்புகள் 2011இல் வெளிப்பட்ட பிறகே வழி திறந்தது. 2013இல் 5,228 பேருக்கு இழப்பீடு அறிவிக்கப்பட்டது.

அம்மையாருக்கு நேர்ந்ததும் தனிப்பட்டதன்று. பக்கத்து இல்லங்களின் ஏட்டில் பெயர் இருந்தது என்பதற்காகச் சலவைக்கூடங்களில் உழைத்த பெண்களை விலக்கியது தவறு என்று அயர்லாந்தின் குறைதீர் ஆணையர் 2017இல் அறிக்கை அளித்தார். அதற்கு முன்பே நாங்கள் மறுஆய்வு கோரியிருந்தோம். அவருடைய தங்கை ஒரு பிஸ்கட் டப்பாவில் பழைய கடிதங்களைப் பத்திரப்படுத்தியிருந்தார். தேய்ப்பு இயந்திரத்தில் விரல் பொசுங்கியதும், உணவகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த துணியும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. உறைகளின் மேல் அஞ்சல் முத்திரை தேதியோடு தெளிவாக இருந்தது. உறைகளை மேசையில் பரப்பி ஆண்டுவாரியாக அடுக்கினோம்.

மேலும் இரண்டு ஆண்டுகள் ஏற்கப்பட்டன. கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் உறைகூட இல்லை. தப்பியோட முயன்றதற்குத் தண்டனையாக, அந்த இரண்டு ஆண்டுகளும் கடிதம் எழுத அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.