அளவு மீறினால் கடலை எப்போது மூடுவது?

கொள்ளிடக்கரையான்:

போன வாரம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பேச்சு கிளம்பிப் பாதியில் நின்றுபோனது. நீலக்கால் நண்டுக்கும் மத்திக்கும் ஆண்டுக்கு இத்தனை டன்தான் என்று வரம்பு வைக்கலாம் என்பதில் பலருக்குச் சம்மதம். வரம்பைத் தாண்டிவிட்டால் தொழிலை எந்த மாதத்தில் நிறுத்துவது என்று கேட்டதும் ஆளுக்கொரு மாதத்தைச் சொன்னார்கள். தனக்கு மீன்பாடு கிடைக்கிற மாதத்தை ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது நமக்கு இருப்பது நாட்காட்டித் தடை. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக்கு மட்டும். எவ்வளவு பிடித்தோம் என்பதற்கும் இந்தத் தேதிக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவில் ஆண்டு வரம்பு தாண்டினால் அந்தப் பருவத்தை மூடுகிறார்கள், அல்லது தாண்டியதை அடுத்த ஆண்டுக் கணக்கில் கழிக்கிறார்கள். பெருவில் நெத்திலி இனத்து மீனில் குஞ்சு அதிகமாக ஏறினால் அந்தப் பகுதியைச் சில நாள் மூடுவார்கள். 2023இல் முதல் பருவத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நமக்கு எது ஒத்துவரும்?

அக்கரைப்பேட்டை விசைப்படகு:

தம்பி, படித்த பிள்ளை நீ, கோபித்துக்கொள்ளாதே. ஆண்டில் இரண்டு மாதம் ஏற்கெனவே கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு மூடலா? மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் மூடுங்கள். மழைக்காலம், பாதி நாள் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருப்பார்கள். யாருக்கும் பெரிய நட்டம் இல்லை. சித்திரை, வைகாசியில் நாங்கள் நிற்கிறோம், கார்த்திகையில் கடலே நிற்கிறது. வேறு என்ன வேண்டும்?

கோடியக்கரை நண்டுவலை:

அண்ணனுக்கு வணக்கம். கடலுக்குப் போகாத நாளில் கடலை மூடுவது, தூங்குகிற நேரத்தை விரதத்தில் சேர்த்துக் கணக்குக் காட்டுவது போல இருக்கிறது. மீன் பிழைக்க வேண்டுமென்றால், வலை போடக்கூடிய நாளில் வலை போடாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உங்களுக்கு அது மழைக்காலம், எங்களுக்கு அதுதான் பருவம். அக்டோபரில் இருந்து மார்ச் வரை வெளியூர்ப் படகுகள் கோடியக்கரைக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் பார்க்கின்றன. நாலு குடும்பம் சேர்ந்து கடன் வாங்கி வலை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கார்த்திகையில் மூடினால் உங்கள் படகுக்கு ஓய்வு, எங்களுக்குப் பட்டினி.

என் கணக்கு எளிது. வரம்பு எட்டிய மறுநாளே மூட வேண்டும். மாதம் பார்க்கக் கூடாது, நல்ல நேரமும் பார்க்கக் கூடாது.

அக்கரைப்பேட்டை விசைப்படகு:

மறுநாளே மூடு என்று சொல்வது சுலபம். அப்படிச் செய்த இடத்தில் என்ன நடந்தது தெரியுமா? அலாஸ்காவில் ஹாலிபட் என்று ஒரு பெரிய தட்டை மீன். மொத்த வரம்பு எட்டியதும் மூடுவோம் என்றார்கள். யார் முந்துவது என்று படகுகள் பெருகின, வலிமை பெருகியது. பல மாதம் ஓடிய பருவம் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாளாகச் சுருங்கிப்போனது. காற்று அடித்தாலும் போனார்கள், ஏனென்றால் அன்று விட்டால் அந்த ஆண்டே போயிற்று. எல்லா மீனும் ஒரே நாளில் கரைக்கு வந்தால் விலை என்ன ஆகும்? 1995இல் படகுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது.

அலாஸ்கா எதற்கு, ஜூன் 14 நள்ளிரவு எங்கள் துறைமுகத்துக்கு வந்து பாருங்கள். அடுத்த சில நாளில் ஏலத்தில் விலை எப்படி விழுகிறது என்றும் பாருங்கள்.

அப்புறம் நாங்கள் இழுத்துப்போகிற வலையான இழுவை மடியைப் பற்றியும் யோசியுங்கள். மத்தி வரம்பு முடிந்துவிட்டது, நீ வெளியே போ என்று வலைக்குள் வருகிற மீனிடம் நான் சொல்ல முடியுமா?

கோடியக்கரை நண்டுவலை:

சொல்ல முடியாது, உண்மை. அதனால்தான் அந்த மடியைப் பற்றியே பேச்சு வருகிறது. கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியைக் கடைப்பிடித்தாலே நண்டுக்குப் பாதி வரம்பு தேவைப்படாது. இரவில் வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிற படகு எந்தக் கணக்கில் சேரும் அண்ணே?

அக்கரைப்பேட்டை விசைப்படகு:

எல்லாப் படகையும் ஒரே தராசில் போடாதே. சினை நண்டை நீங்கள் வலையில் இருந்து கழற்றிக் கடலில் விடுகிறீர்களா? மனசைத் தொட்டுச் சொல்.

கோடியக்கரை நண்டுவலை:

எல்லாரும் விடுவதில்லை. ஒரு தாய் நண்டின் வயிற்றில் லட்சக்கணக்கான முட்டை என்று எங்களுக்கும் தெரியும். கொள்முதல்காரர் அதற்கும் விலை போடுகிறார், வீட்டில் கடன்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

காரைக்கால் ஏலக்கடை:

இருவர் சண்டையில் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எப்போது மூடுவது என்று கேட்கிறீர்கள். வரம்பு எட்டியது என்று யார் சொல்வது? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சில துறைகளில் சில நாள் மாதிரி எடுத்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுகிறது. போக்கு தெரிய அது போதும். நேற்று மாலை எட்டினோம், இன்று காலை மூடு என்று சொல்ல அது போதாது. ஏலத்தில் பெரும்பாலும் கூடைக் கணக்குத்தான், எடை கிடையாது. கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் போகிற கழிசலை யாரும் எழுதி வைப்பதில்லை. குஞ்சு மீன் முழுவதும் அதில்தான் போகிறது.

நடுவில் எங்கள் ஊர் வேறு இருக்கிறது. வடக்கே தரங்கம்பாடி தமிழ்நாடு, தெற்கே நாகூர் தமிழ்நாடு, இடையில் காரைக்கால் புதுச்சேரி அரசு. 61 நாள் தடை இரண்டுக்கும் ஒரே தேதி என்பதால் தகராறு இல்லை. அளவு வைத்து மூடினால், நாகையில் மூடிய அன்று மீன் காரைக்காலில் இறங்கும். மீனுக்கு எல்லைக் கல் தெரியாது, லாரிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

என் யோசனை, கொஞ்சம் வியாபாரி யோசனைதான்: புரட்டாசியில் மூடுங்கள். பாதி ஊர் கவுச்சி சாப்பிடாது, விலை தானாகவே இறங்கிக் கிடக்கும்.

நாகூர் கூடைக்காரி மகள்:

ஐயா, புரட்டாசி வஞ்சிரத்துக்கும் மத்திக்கும்தான். வெளிநாட்டுக்குப் போகிற இறாலுக்கும் நண்டுக்கும் புரட்டாசி ஏது? புரட்டாசியில் நட்டப்படுவது தெருவில் கூடை தூக்குகிற பெண்கள். என் அம்மா 30 ஆண்டாக அப்படி விற்றவர். ஆவணியில் வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் கையில் நாலு காசு பார்ப்பார், அது தீர்வதற்குள் புரட்டாசி வந்துவிடும். அந்த மாதத்தில் வரத்தையும் நிறுத்தினால், விலையோடு கூடையும் போயிற்று.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. தடைக்காலத்துக்கு என்று மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு, தேதி தெரிந்ததால் திட்டமிட்டுத் தருகிறார்கள். நாளைக் காலை கடல் மூடல் என்று அறிவித்தால் அதற்குப் பணம் எந்தக் கணக்கில் வரும்? நண்டுவலை அண்ணன் சொல்கிற “மறுநாளே” எனக்கு அச்சமாக இருக்கிறது.

கொள்ளிடக்கரையான்:

அக்கா சொல்வது சரி. ஆனால் தாமதத்துக்கும் விலை உண்டு. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு வரம்பு இருந்தது, ஆய்வாளர்கள் இருந்தார்கள். குறைக்க வேண்டிய நேரத்தில் குறைக்கவில்லை. 1992 ஜூலையில் ஒரேயடியாக மூடினார்கள், சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. ஓரிரு ஆண்டுக்கு என்று சொல்லி மூடிய கடல் பல பத்தாண்டு மூடியே கிடந்தது.

கேரளத்தில் மத்தி 2012இல் 3.9 லட்சம் டன் இறங்கியது. 2021இல் 3,297 டன். அதற்குப் பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோவும் காரணம் என்கிறார்கள், பிடித்தது மட்டும் அல்ல. அதனால்தான் சொல்கிறேன்: கடல் நன்றாக இருந்த ஆண்டில் வைத்த வரம்பு, கடல் கெட்ட ஆண்டுக்கு ஆகாது.

பாபநாசம் நடவு:

நான் மீனவன் அல்ல, கடைமடைக்கு மேலே இருக்கிற விவசாயி. மீன் வாங்கித் தின்பவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை.

மேட்டூரை ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது மரபு. 2022இல் தண்ணீர் நிறைந்ததால் மே 24லேயே திறந்தார்கள். 2024இல் அணையில் இருப்பு இல்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். தேதி என்பது பேச்சு, இருப்புதான் கணக்கு. அதுபோக, இருப்பு குறைகிறது என்று தெரிந்தால், தீர்ந்த அன்று மதகை அடைப்பதில்லை. முன்கூட்டியே முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு. திட்டுவோம், சண்டை போடுவோம், ஆனால் பயிர் முழுவதும் காய்ந்துபோகாது. நீங்கள் ஏன் தீர்ந்த பிறகு அடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள்?

கொள்ளிடக்கரையான்:

ஐயா சொன்னது எனக்குத் தோன்றவில்லை. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் ஏற்கெனவே முறை இருக்கிறது: திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாலு நாள் நாட்டுப்படகு. வரம்பில் முக்கால் பங்கு வந்ததும் எல்லாருக்கும் நாளைக் குறைத்தால், முழு மூடல் வராமலேகூடப் போகலாம். வந்தாலும் யாரையும் திடீரென்று தாக்காது, நிவாரணத்துக்கும் அவகாசம் கிடைக்கும். அப்படியும் தாண்டினால், தாண்டியது அடுத்த ஆண்டுப் பங்கில் கழியட்டும்.

கோடியக்கரை நண்டுவலை:

முக்கால் பங்கு தை மாதத்திலேயே வந்துவிடும். அப்போது நாள் குறைந்தால், மார்கழிவரை புயலில் தொழில் இழந்தவன் தையிலும் இழப்பான். தலைமடைக்காரன் எடுத்த பிறகு கடைமடைக்கு முறை வைப்பது என்ன நியாயம் என்று விவசாயி ஐயாவுக்கே தெரியும். தாண்டியது எந்தத் தொழிலோ அந்தத் தொழிலுக்கு நாள் குறையட்டும். வலை வாரியாகப் பிரிக்காமல் நான் சம்மதிக்க மாட்டேன்.

அக்கரைப்பேட்டை விசைப்படகு:

வலை வாரியாகப் பிரித்தால் கழிசல் முழுவதும் என் தலையில் எழுதுவீர்கள்.

காரைக்கால் ஏலக்கடை:

எழுதத்தான் வேண்டும், உங்கள் மடியில்தானே வருகிறது. நண்டில் இருந்து தொடங்கலாம். ஏலத்தில் அது ஒன்றைத்தான் உருவம் பார்த்து எடை போட்டு வாங்குகிறார்கள். மாதக் கடைசியில் எங்கள் கடைச் சீட்டைக் கூட்டி இங்கே போடுகிறேன். கோடியக்கரையில் ஒரு நோட்டு வைக்க முடியுமா?

கோடியக்கரை நண்டுவலை:

வைக்கிறேன். சினை நண்டுக்குத் தனிப் பக்கம்.

அக்கரைப்பேட்டை விசைப்படகு:

கழிசலை நானும் நிறுத்தே தருகிறேன், ஒரு மாதம் பார்ப்போம். கரையில் அதைத் தனியாகக் கொட்டி எடை போடுகிற கூலியை யார் தருவது என்று முதலில் சொல்லுங்கள்.